வெளிச்சம் ஜாஸ்தி

மதிவதனியின் முகத்தில் வெளிச்சம் ஏறியது 1991ஆம் வருஷம் ஆவணி மாதம், திருவண்ணாமலை பேகோபுரத் தெருவில் இருந்த காசியின் ஸ்டுடியோவில், கல்யாணத்துக்காகப் பெண் போட்டோ எடுத்தபோது. அன்று வெள்ளிக்கிழமை. பூ முழம் ஒரு ரூபாய்க்கு விற்றது, வெயில் வழக்கம் போல அடித்தது, மலை மேல் மேகம் எதுவும் இல்லை. ஏறிய வெளிச்சம் பிறகு இறங்கவில்லை. காசி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பெண்களைப் படம் எடுத்திருக்கிறார். அவர்களில் ஒருத்திக்கும் இப்படி ஆனதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மனிதர் மேல் வீண்பழி வரும்.

அந்த நாளில் பெண் போட்டோவுக்கென்று ஒரு முறை இருந்தது. பெண்ணை அழைத்து வரும் அம்மா, வாசலில் செருப்பை விடும்போதே, "கொஞ்சம் கலரா வர மாதிரி எடுங்க" என்பாள். காசி தலையாட்டுவார். பெண்ணின் முகத்தில் பவுடரை அள்ளிப் பூசச் சொல்லி, இரண்டு பக்கமும் பெரிய விளக்குகளைப் போட்டு, லென்ஸின் வாயை வேண்டிய அளவுக்கு மேல் ஒரு சுற்று திறந்து வைத்துப் படம் எடுப்பார். வெளிச்சம் மிதமிஞ்சிப் பாய்ந்து, நெற்றியும் கன்னமும் வெறும் காகிதமாக வெளுத்துப்போகும். தொழில்காரர்கள் இதை 'ஓவர்' என்பார்கள். வேலூரிலிருந்து வந்த ஒரு போட்டோக்காரர், இது பெரிய தப்பு, வெளுத்துப்போன இடத்தில் ஒன்றுமே இருக்காது, காகிதத்தில் ஓட்டை விழுந்ததற்குச் சமம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். காசி அசரவில்லை. தப்பெல்லாம் இல்லை, அது தன்னுடைய ஸ்டைல் என்றார். அவர் எடுத்த படங்களில் கண், புருவம், பொட்டு, ஜிமிக்கி எல்லாம் இருக்கும், மூக்கு மட்டும் இருக்காது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மூக்கு எங்கங்க?" என்று கேட்டதற்கு, "மூக்கு பொண்ணுகிட்ட பத்திரமா இருக்குது, நேர்ல போய்ப் பாத்துக்குங்க" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஒருமுறை இரண்டு பெண்களின் கவர்கள் மாறிப்போய், இந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், கல்யாணமும் முடிந்துவிட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, இன்றுவரை இரண்டு ஜோடியும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

மதிவதனியின் வீடு வேங்கிக்காலில் இருந்தது. அப்பா வேடியப்பன் செங்கம் பக்கத்தில் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, புது மாவட்டம் பிறந்த சூட்டோடு குடும்பத்தைக் கூட்டிவந்து, அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டவர். மகள் கணக்கில் பட்டம் வாங்கி, வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். நல்ல கறுப்பு. அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் எல்லாம் பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றவர்கள்தான். அம்மா எல்லம்மாளோ அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு, மகளின் நிறத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தாள். "அண்ணா, இவ நெறம் கம்மி. வெளிச்சத்த ஜாஸ்தியாவே போடுங்க" என்று அவள் காசியிடம் சொன்னபோது, மதிவதனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்தாள். முறைத்தாள் என்றே சொல்லலாம். காசி லென்ஸின் வாயை ஒரு சுற்று கூடுதலாகத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். இரண்டு விளக்குகளும் பட்டென்று அணைந்தன. வாசலில் கிடந்த வெயில் படிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றது. ஆனால் அறை இருட்டாகவில்லை, ஏனென்றால் மதிவதனியின் முகம் எரிந்துகொண்டிருந்தது. காசி, "ஒன்னும் இல்லமா, அசையாத" என்று சொல்லி, அந்த வெளிச்சத்திலேயே இன்னொரு படமும் எடுத்துக்கொண்டார்.

அவள் நிறம் மாறவில்லை. இதை ஊர் விளங்கிக்கொள்ளத்தான் நாளானது. நாவற்பழத்தின் மேல் வெயில் பட்டால் பழம் வெள்ளையாகிவிடுமா என்ன? கறுப்பு கறுப்பாகவே இருந்தது, அதிலிருந்து வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். வேடியப்பன் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டார். காசி பயந்துபோய், "கை தவறிடுச்சுங்க, எப்ப வேணும்னாலும் கூட்டினு வாங்க, சும்மாவே சரி பண்ணித் தரேன்" என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லம்மாள் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், உப்பு மிளகாய் போட்டாள், ஒன்றும் குறையவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்ததோ இல்லையோ என்று குழம்பி, கடைசியில் கூவுவதையே நிறுத்திவிட்டது. முதல் வாரம் மதிவதனி ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்கட்டிலேயே கிடந்து அழுதாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் துண்டைப் பிழிவதற்காக எடுத்தவள், தன் கையைத் தன் வெளிச்சத்தில் பார்த்தாள். விரல், நகம், மணிக்கட்டு, வளையல் எல்லாம் கறுப்பாக, அழகாக இருந்தன. இத்தனை வருஷமும் அவள் அதை மற்றவர்கள் வாயால்தான் பார்த்திருந்தாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு நடத்தப் போனாள்.

அதன்பின் இரண்டரை வருஷம் அந்தத் தெருவில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடவில்லை. பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், பெண்கள் அரிசியும் முறமுமாக வந்தார்கள், சுவரோரம் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கேள்விப்பட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். மதிவதனி அவர்களிடம், தான் சாமி இல்லை, போட்டோ ஓவராகிவிட்டது என்று இங்கிலீஷில் விளக்கினாள். கேமரா வைத்திருந்தவர்களுக்கு உடனே புரிந்தது, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றவர்களை அவள் பின்வரிசையில் உட்கார வைத்துப் பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்தாள். அவர்களில் இரண்டு பேர் நன்றாகவே போட்டார்கள்.

மாப்பிள்ளைகள் வந்தார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்கள். முன்பு நிறம் கம்மி என்றவர்கள் இப்போது வெளிச்சம் ஜாஸ்தி என்றார்கள். 1994 தை மாதம் போளூரிலிருந்து ராஜா என்பவன் அம்மா வெள்ளையம்மாளோடு பெண் பார்க்க வந்தான். பெங்களூர் போகும் ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர். கையில் காசி எடுத்த படம் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் முழு வெள்ளை. போட்டோவில் இருந்த மாதிரியே பெண் இருந்தது திருவண்ணாமலையில் அதுதான் முதல் தடவை. ராஜா தலையைக் கொஞ்சம் சாய்த்து, இமையைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சிங்க வந்து தொந்தரவு பண்ணுமா உங்கள?" என்று கேட்டான். வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றி அவள் அப்பாவிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன கஷ்டம் என்று அவளிடமே கேட்டவன் இவன் ஒருவன்தான். மதிவதனிக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஒளித்து வைக்கவும் முடியவில்லை, அந்த நேரம் கூடத்தில் வெளிச்சம் ஒரு படி கூடியதை எல்லாரும் பார்த்தார்கள்.

வெள்ளையம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள். பெண் நல்ல பெண், படித்த பெண், சரி. ஆனால் இந்த வெளிச்சத்தோடு வீட்டுக்குள் வந்தால் என் பிள்ளை எப்படித் தூங்குவான்? "ஏத்துனவரே எறக்கட்டும். எறக்கிட்டா அடுத்த முகூர்த்தமே வெச்சிக்கலாம்" என்றாள். மகள் வாயைத் திறப்பதற்குள் வேடியப்பனும் எல்லம்மாளும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அன்று முழுக்க மதிவதனிக்குக் கணக்கே ஓடவில்லை. ராஜா வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வெளிச்சம் போய்விட்டால், மறுபடி மற்றவர்கள் வாயால்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் ஸ்டுடியோவில் கூடினார்கள். ராஜா ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கே வந்திருந்தான். காசி கதவையும் ஜன்னலையும் சாத்தி, விளக்குகளை மூலையில் ஒதுக்கி, லென்ஸின் வாயை ஊசிமுனை அளவுக்கு மூடி வைத்தார். ஓவரில் ஏறியது அண்டரில் இறங்கித்தானே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். பெண்ணை உட்காரச் சொன்னார். மதிவதனி உட்காரவில்லை.

"அண்ணா, ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்க எடுத்தது தப்பா எடுத்ததா, வேணும்னு எடுத்ததா?"

காசி திரும்பி வேடியப்பனைப் பார்த்தார், எல்லம்மாளைப் பார்த்தார், லென்ஸைத் துடைக்கத் தேவையில்லாமலே துடைத்தார். வேலூர்க்காரரிடம் ஸ்டைல் என்றும், வேடியப்பனிடம் கை தவறியது என்றும் சொன்னவர் அவர்தான். இரண்டில் ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

"பொய் சொல்லக்கூடாது. ஒரு சுத்து ஜாஸ்தியா தெறந்தது நான்தான். உங்க அம்மா சொன்னாங்க, நானும் வேணும்னுதான் தெறந்தேன். ஆனா அவ்ளோ வெளிச்சம் நான் வைக்கலமா. ஒரு சுத்துல அவ்ளோ வராது."

"அப்ப மீதி யாருது?"

"மொறச்சியே, அதுல வந்திருக்கும்."

"அப்ப அது என்னுது" என்றாள் மதிவதனி. "உங்க ஒரு சுத்த நீங்க எடுத்துக்குங்க அண்ணா. என்னுத நான் தரமாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காசி லென்ஸைத் திருத்தி, சரியாக ஒரு சுற்று மட்டும் குறைத்து வைத்துப் படம் எடுத்தார். அவர் போட்ட வெளிச்சம் அவரிடமே திரும்பிப் போனது. போனதும் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வெள்ளையம்மாள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "இவ்ளோதானா? என் புள்ள எப்படித் தூங்குவான்?" என்றாள்.

"எம்மா, நான் பகல்ல தூங்கறவன். சூரியனையே தலைக்கு மேல வெச்சிக்கினு தூங்கறேன், இவங்க எனக்கு ஒரு தொந்தரவா?" என்றான் ராஜா.

எல்லம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். வெள்ளையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் மனசில் இருந்ததைச் சொன்னாள். "அதில்லடா. வீட்டுக்கு வர மருமவள, மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்ல முடியாதேடா."

"சொல்லணும்னா சொல்லுங்க அத்த, நான் திரும்பி நின்னுக்கறேன்" என்றாள் மதிவதனி. இதற்கு மேல் ஒரு மாமியார் என்ன கேட்க முடியும்? பங்குனியில் நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்குக் காசிதான் படம் எடுத்தார், எப்படி அளந்து வைத்து எடுத்தாலும் மணப்பெண் இருந்த இடத்தில் வெள்ளைதான் விழுந்தது. மாலைக்கு மேலே வெள்ளை, நெற்றிச்சுட்டிக்குக் கீழே வெள்ளை. காசி இந்த முறை ஸ்டைல் என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பெண் அப்படி, படம் அப்படி என்று ஆல்பத்தைக் கட்டிக் கொடுத்தார். போளூர் வீட்டில் முதல் இரண்டு வருஷம் மதிவதனி அடிக்கடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், வெள்ளையம்மாள் ஆசை தீரத் திட்டினாள். பிறகு முதுகைப் பார்த்துத் திட்டுவதில் அவளுக்கே ருசி குறைந்து, அது தானாக நின்றுபோனது. அந்தத் தெருவிலும் டியூஷன் நடந்தது. ஒரு பெண் பிறந்தது, நாவற்பழ நிறத்தில், சாதாரணக் குழந்தையாக. தேர்தல் அடையாள அட்டையில் மதிவதனியின் பெயருக்கு மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. சாவடியில் இருந்தவர் கட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்று விரலில் மை வைத்தார்.

2004 மழையில் வீடு ஒழுகி ஆல்பம் நனைந்தது. வெள்ளையம்மாள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்தாள். காசி கடையைக் கட்டிவிட்டு மகன் வீட்டோடு போயிருந்தார். செங்கம் ரோட்டில் இளவரசன் என்பவன் கம்ப்யூட்டர் வைத்துப் பழைய படங்களைப் புதிதாக்கிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவன் நல்ல தொழில்காரன், ஆனால் வெளியூரிலிருந்து வந்தவன். குடும்பமாக நிற்கும் படத்தைத் திரையில் பெரிதாக்கி, வெள்ளையான இடத்தின் மேல் அம்புக்குறியை வைத்துச் சுற்றினான்.

"அம்மா, இது சுத்தமா ஓவர். முகம் மொத்தமா எரிஞ்சிபோச்சு, உள்ள ஒன்னுமே இல்ல. வேற போட்டோ இருந்தா குடுங்க, இந்த எடத்துல ஒட்டி சரி பண்ணித் தரேன்."

"எது எரிஞ்சிபோச்சு?" என்றாள் வெள்ளையம்மாள். எழுந்து போய்த் திரையில் அந்த இடத்தைத் தொட்டாள். "இது எங்க மருமவ. நல்லா விழுந்திருக்கா. இன்னும் நல்லா பாருபா, அவ பக்கத்துல நின்னதாலதான் எங்க மூஞ்சிங்க இந்த அளவுக்காவது தெரியுது."

இளவரசன் மறுபடி பார்த்தான். ராஜாவின் வலது கன்னம், வேடியப்பனின் மீசை, எல்லம்மாளின் மூக்குத்தி, இந்த அம்மாளின் முன்பல் என்று எல்லாவற்றிலும் அந்த வெள்ளை இருந்த பக்கமிருந்தே வெளிச்சம் விழுந்திருந்தது. படத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். வெள்ளை இடத்துக்கு மை செலவாகவில்லை என்பதால் கொஞ்சம் குறைத்தே வாங்கிக்கொண்டான்.