ரிப்பன் கட்டிய முப்பது மீன்கள்

வண்ண மீன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் வாங்க வருவதில்லை. சோபாவுக்கு எடுப்பாக ஏதாவது ஒன்று வாங்க வருகிறார்கள். "எங்க வீட்டுத் திரைச்சீலை நீலம், அதுக்குப் பக்கத்துல பளிச்னு தெரியற மாதிரி ஒரு ஆரஞ்சு குடுங்க" என்று கேட்ட மகராசிக்கெல்லாம், அங்கே வேலை பார்க்கிற சின்னவள் பதில் சொல்லியிருக்கிறாள். தொட்டியை இன்றைக்கு வாங்கி, இன்றைக்கே மீனை விட்டு, நாளைக்கு விருந்தாளிகளுக்குக் காட்டிவிட வேண்டும். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு ஒரு மாதம் போனால்தான் அந்தத் தொட்டியில் மீன் பிழைக்கும் என்று சொன்னால், சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல முறைப்பார்கள்.

இவர்களாவது பரவாயில்லை. நான்காம் நாள் வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் செத்த மீன். "இதே கலர், இதே சைஸ்ல ஒண்ணு சீக்கிரம் குடுங்க. பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வந்துடுவான்." எதனால் செத்தது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே, மூச்! இவளாகக் கேட்டால், "தொட்டியை சோப்புப் போட்டுத் தேய்ச்சு பளபளன்னு வெச்சிருந்தேங்க" என்று பெருமை வேறு.

அதனால் அவள் விற்பதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கினாள். தொட்டி எத்தனை லிட்டர்? ஓட ஆரம்பித்து எவ்வளவு நாளாயிற்று? ஊருக்குப் போனால் மீனை யார் பார்ப்பார்கள்? பதில் சரியில்லை என்றால் மீன் கிடையாது. கடை முதலாளி அவளுக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்தார். ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் அனுப்பிய மீன்கள் உயிரோடு இருந்ததால் அவற்றுக்குத் தீனி வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஊரையெல்லாம் இப்படி மிரட்டியவளுக்கு வீட்டிலேயே ஆப்பு காத்திருந்தது. சின்னவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். அக்காவுக்கு எதையும் நாலு பேர் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி செய்தாக வேண்டும்.

"என் குட்டிக்கு எட்டாவது பர்த்டேடி. ரிட்டர்ன் கிஃப்ட் என்ன தெரியுமா?" என்று பெரியவள் சமையலறையில் வைத்து ஆரம்பித்தாள். "ஆளுக்கொரு கண்ணாடி ஜார். உள்ள ஒரு ஃபைட்டர் மீன். கழுத்துல ரிப்பன். முப்பது வேணும். உங்க கடையிலேயே சொல்லிடு."

"ஜார் எவ்வளவு பெருசு?"

பெரியவள் மேடையில் இருந்த ஜாம் பாட்டிலைக் காட்டினாள்.

"இதுக்குள்ள அது என்ன பண்ணும்?"

"நீந்தும். வேற என்ன பண்ணும்?"

"திரும்பவே இடமில்ல, எங்கேர்ந்து நீந்தறது?"

"அந்த மீன் மேல வந்து காத்தை முழுங்குமாம்டி. சின்ன பாட்டிலே போதுமாம். வீடியோவுல ஒருத்தன் சொன்னான்."

"ஜன்னல் இருக்குங்கறதுக்காக உன்னை பாத்ரூம்லயே குடித்தனம் பண்ணச் சொன்னா பண்ணுவியா?" என்றாள் சின்னவள். "அதோட கழிவெல்லாம் அந்த ஒரு டம்ளர் தண்ணியிலேயேதான் கெடக்கும். மூணாம் நாள் செவுள் வெந்துபோயிடும். ஒரு வாரம் தாண்டாதுக்கா."

"செத்தா வேற வாங்கிக்கறாங்க. மீனுக்குப் போய் இவ்வளவு வக்காலத்தா!"

சின்னவள் விட்டுக்கொடுக்கவில்லை. முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாள். பெரியவள் அசரவில்லை. வேறு கடைக்கு ஒரு போன் போட்டாள், வேலை முடிந்தது. எவ்வளவு பெரிய தொட்டி என்றோ, யாருக்கு என்றோ அந்தக் கடைக்காரன் கேட்கவில்லை. ரிப்பன் என்ன நிறம் என்று மட்டும் அக்கறையாகக் கேட்டானாம்.

"நீ வந்து பசங்களுக்குப் படம் வரையற போட்டியை நடத்திக் குடு, அது போதும்" என்றாள் பெரியவள். "ஆனா அங்க எதையாவது பேசி என் மானத்தை வாங்கினே, அன்னிக்கே மாடியைக் காலி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவள்தான் பெரியவள். ஒரு பக்கம் முப்பது உயிர், இன்னொரு பக்கம் தலைக்கு மேல் கூரை. விழாவுக்கு இருந்த இரண்டு நாளும் சின்னவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

விழா மண்டபத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற மீன்கள் வாசல் பக்கத்து மேஜையில் வரிசையாக உறைந்து நின்றன. சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றின் கழுத்திலும், அதாவது ஜாரின் கழுத்தில், தங்க நிற ரிப்பன். அம்மாக்கள் வந்து வந்து கன்னத்தில் கை வைத்தார்கள். "ஐயோ, எவ்வளவு க்யூட்!" மீனுக்குப் பின்னால் தங்கள் முகம் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார்கள். அது என்ன தின்னும் என்று கேட்க ஒரு நாதி இல்லை. ஓர் அப்பா மட்டும் ஜாரைத் தட்டி, "பேட்டரியா?" என்று கேட்டார்.

கேக் வெட்டியாயிற்று. பெரியவள் மைக்கைத் தங்கையிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது கண்ணாலேயே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.  சின்னவள் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"குட்டிகளா, எல்லாரும் ஆளுக்கொரு ஜார் எடுத்துக்கங்க. இன்னிக்கு உங்க மீனைத்தான் வரையப் போறீங்க. நல்லா உத்துப் பாருங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. வால்ல எத்தனை கோடு, எங்க புள்ளி, கண்ணுக்குக் கீழ என்ன நிறம், எதையும் விடக் கூடாது."

முப்பது பிள்ளைகளும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரைந்தார்கள். மண்டபம் அமைதியானது. பெரியவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்தில் இருந்தவளிடம், "என் தங்கச்சி, மீன்ல ஸ்பெஷலிஸ்ட்" என்றாள்.

"வரைஞ்சாச்சா? இந்தப் படத்தை வீட்டுல ஜாருக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கணும்" என்றாள் சின்னவள். "தினமும் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் படத்தையும் மீனையும் ஒத்துப் பாக்கணும். ஏதாவது மாறியிருந்தா என்ன அர்த்தம் தெரியுமா? பழைய மீன் செத்துப்போச்சு. அம்மா அப்பா உங்களுக்குத் தெரியாம புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க."

நாற்காலிகளில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களில் ஈயாடவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"அம்மா! நம்ம கோல்டு ஃபிஷ்ஷுக்கு லீவுல திடீர்னு வெள்ளை வால் வந்துச்சே!"

"அது வளர வளர அப்படித்தான்டா கண்ணா."

"ஆனா அது சின்னதாவும் ஆயிடுச்சேம்மா!"

அந்த அம்மா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினாள். சின்னவள் விடவில்லை. இப்போது பெரியவர்களைப் பார்த்துத் தேன் ஒழுகப் பேசினாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டா இது மூணு வருஷம் இருக்கும். இந்த ஜார்லயே விட்டா அடுத்த வாரம் தாண்டாது. இருபது லிட்டர் தொட்டி வேணும், ஃபில்டர் வேணும், வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தணும். முடியாதவங்க ஜாரை மேஜை மேலயே வெச்சுட்டுப் போகலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஐயோ க்யூட் என்று உருகியவர்கள் ஒவ்வொருவராக நைசாக நழுவினார்கள். ஒருத்திக்குப் பூனை இருந்தது. ஒருத்தருக்கு நாளைக்கே வெளியூர். ஒருத்தரின் மாமியாருக்கு மீன் வாசனை ஆகாதாம், இத்தனைக்கும் பக்கத்தில் இருந்த மாமியாரின் தட்டில் பொரித்த மீனின் முள்தான் மிச்சம் இருந்தது. அழுத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலூன் கொடுத்துச் சமாளித்தார்கள். மூன்று வருடம் என்ற ஒரு வார்த்தை, அவ்வளவு பேரின் மீன் பாசத்தையும் துடைத்துப் போட்டுவிட்டது.

ஒரே ஒரு அப்பா மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னவளிடம் வந்தார். "எங்க வீட்டுல நாப்பது லிட்டர் தொட்டி ஓடிட்டிருக்குங்க, நாலு மாசமா. செடி மட்டும்தான் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கலாமா?" சின்னவள் விருந்தாளி என்றும் பார்க்காமல் ஐந்து கேள்வி கேட்டாள். ஐந்துக்கும் பதில் வந்தது. வெள்ளை மீன் ஒன்று நல்ல வீடு போய்ச் சேர்ந்தது.

மீதி இருபத்தொன்பதும் காரில் ஏறி அக்கா வீட்டுக்கு வந்தன.  சாப்பாட்டு மேஜையில் கடைசி ஜாரை வைத்துவிட்டுத்தான் பெரியவள் வெடித்தாள்.

"திருப்தியா உனக்கு? குழந்தை விசேஷத்தைக் கருமாதி பண்ணிட்டியேடி! எல்லார் முன்னாடியும் என் மூக்கை உடைச்சுட்டே. போ. இப்பவே மாடியைக் காலி பண்ணு."

"பண்றேன்" என்றாள் சின்னவள்.  மாடிக்குப் போய்த் துணிகளைப் பையில் திணித்தாள். வீறாப்பாகத்தான் திணித்தாள், ஆனால் பயமாக இருந்தது. இன்று எங்கே போய்ப் படுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே, அக்காவின் கணவருக்கு உதவி செய்கிற ஆசை வந்துவிட்டது. அவர் வருடத்துக்கு ஒருமுறை வீட்டு வேலையில் கை வைப்பார், அன்றைக்கு ஏதாவது உடையும். "எதுக்கு மேஜை பூரா ஜார்? எல்லாத்தையும் ஒரே டப்புல ஊத்திடலாம், ஜாலியா சேர்ந்து இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் ஊற்றினார்.

பெரியவள் போட்ட அலறலில் சின்னவள் பையும் கையுமாகப் படிகளில் பாய்ந்து இறங்கி, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு மீனும் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று குதறிக்கொண்டிருந்தன. நீலத்தின் வால் கிழிந்த துணியாகத் தொங்கியது. அவர் மூன்றாவது ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு, "விளையாடுதுங்க போல" என்றார். பெரியவள் அதைப் பிடுங்கி வைத்தாள். புடவை நனைவதைப் பார்க்காமல் கையை முழங்கை வரை டப்புக்குள் விட்டு, வெறுங்கையால் சிவப்பை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள்.

"என்னடி இது, இப்படிக் கடிச்சுக்குது!"

"ஆண் மீனுங்கக்கா எல்லாம். ரெண்டு ஒரே இடத்துல இருந்தா ஒண்ணு செத்தாதான் நிக்கும். முப்பது மீன்னா முப்பது தொட்டி. அதைத்தான் நீ ரிப்பன் கட்டி ஊருக்கு வினியோகம் பண்ணப் பாத்தே."

நீலம் டப்பின் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் கொஞ்சநேரம் ஆடியது, பிறகு அதுவும் நின்றது. பெரியவள் அந்த ஈரக் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாங்கி இரண்டு நாளாகியும் அவள் ஒரு மீனையாவது சரியாகப் பார்த்தது அப்போதுதான்.  பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேல் அலமாரியைத் திறந்தாள்.

யாரையும் தொடவிடாத கண்ணாடிப் பாத்திரங்களெல்லாம் கீழே இறங்கின. பெரிய குக்கர், அண்டா, வாளி, கேக் டப்பா, பூச்சாடி, ஐஸ் பெட்டி, குட்டியின் பொம்மைத் தொட்டி. சின்னவள் தன் பையில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்து, குழாய்த் தண்ணீரின் குளோரின் போக ஒவ்வொன்றிலும் சொட்டுவிட்டாள். இருபத்தெட்டு மீன்களுக்கும் தனித்தனியாகத் திரும்ப இடம் கிடைத்தது. அக்காவின் கணவர் ஓரமாக உட்காரவைக்கப்பட்டார்.

எல்லாம் முடிந்ததும் பெரியவள் படிக்குக் கீழே கிடந்த பையைக் காலால் தள்ளினாள். "நடுவழியில எதுக்குடி இது? யாராவது தடுக்கி விழவா? மேல கொண்டு போய் வை."

மன்னிப்பென்று அந்த வீட்டில் கிடைப்பது அவ்வளவுதான். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அக்கா பார்க்கக் கூடாது என்று வேகமாக ஏறினாள்.

மறுநாள் காலையில் அவள் அண்டாவில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியவளுக்கு ஒரு போன் வந்தது. விழாவுக்கு வராத தோழி. ரிப்பன் கட்டிய ஜார்களின் படம் எப்படியோ அவள் கண்ணில் பட்டிருக்கிறது. தன் மகன் பிறந்தநாளுக்கும் அப்படியே இருபது ஜார் சொல்லிவிட்டாளாம், எந்தக் கடை ரிப்பன் என்று தெரிய வேண்டுமாம்.

"ரிப்பனா?" என்றாள் பெரியவள். குரல் ஏறியது. "உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காடி? ஜாம் பாட்டில்ல போட்டா ஒரு வாரத்துல செத்துடும்டி அது. செவுள் வெந்துபோயிடும். மேல வந்து மூச்சு விட்டா? ஜன்னல் இருக்குன்னு நீ பாத்ரூம்லயே குடித்தனம் பண்ணுவியா? இதெல்லாம் படிச்சவங்க பேசற பேச்சா?"

சின்னவள் கையில் பிடித்திருந்த குவளையோடு அப்படியே நின்றாள். தான் சொன்னதில் ஒரு வார்த்தை மாறவில்லை. நேற்று வரை எல்லாம் தெரிந்த வீடியோக்காரனின் சீடப்பிள்ளையாக இருந்தவள், பிறவியிலேயே மீனோடு பிறந்தவள் மாதிரி தோழியைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன சின்னவளுக்கு.

பெரியவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏய், எத்தனை லிட்டர்னு சொன்னே?" என்று கிசுகிசுத்தாள்.

"இருபது."

"இருபது லிட்டர்டி!" என்று போனில் அதட்டினாள். "ஒரு மாசம் தொட்டி ஓடணும். உன்னால ஆகுமா? ஆகாதில்ல? அப்ப அந்தக் கடைக்காரனுக்கு இப்பவே இன்னொரு போன்லேர்ந்து கூப்பிட்டு வேணாம்னு சொல்லு. அப்புறம் சொல்றேன்னு எல்லாம் மழுப்பாதே. நீ சொல்ற வரைக்கும் நான் லைன்லயேதான் இருப்பேன்."

காதில் போனை வைத்துக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். பார்வை மட்டும் அண்டாவின் மேல் இருந்தது. சின்னவளும் அடுத்த பாத்திரத்துக்குப் போகாமல் நின்றாள். போனில் தூரத்தில் ஒரு பெண் குரல் யாரிடமோ தயங்கித் தயங்கிப் பேசுவது கேட்டது. பிறகு ஏதோ சொன்னது.

"ம்" என்றாள் பெரியவள். போனை வைத்தாள். தங்கையின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"இருபதும் வேணாம்னுட்டா."