வயல் வேலை

ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மாவுக்குப் பின்னாலேயே கஜபதி குடை பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வேம்புலியம்மாளுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்குத்தான். காலையிலிருந்து எத்தனை முறை துப்பினாளோ, அவளுக்கே கணக்கில்லை. ட்ரம் கழுவுகிறவர்களுக்கு வாயில் ஒரு புளிப்பு நின்றுகொண்டே இருக்கும். வெற்றிலை போட்டாலும் போகாது, கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றாலும் போகாது. சனியன், நாக்கோடு சேர்ந்தே பிறந்த மாதிரி.

நெல்லிப்பேட்டில் மொத்தம் அறுபத்துநான்கு வீடு. திருமழிசை எஸ்டேட்டில் கம்பெனிகள் பெருகப் பெருக, ஏரித் தண்ணீர் ஒரு நாள் பச்சையாக இருந்தது, மறுநாள் கத்தரிப்பூ நிறமாக இருந்தது. ஆறு வருஷமாக ஊரில் எவரும் ஒரு பிடி நாற்று நட்டதில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் வயலில் கூலிக்குப் போனவர்கள்தான் மிச்சம். ஆம்பிளைகள் கொஞ்சம் பேர் கம்பெனியில் மூட்டை தூக்கினார்கள், மற்றவர்கள் புளியமரத்தடியில் சீட்டாடினார்கள். பொம்பளைகள் ஏரிக்கரையில் ட்ரம் கழுவினார்கள். கஜபதி கம்பெனிகளிலிருந்து நீல ட்ரம்களை டெம்போவில் கொண்டுவந்து இறக்குவான். மூடியை அறுத்து, பாதி உடம்பை உள்ளே விட்டு, மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளே என்ன மருந்து இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கழுவிய ட்ரம்மெல்லாம் மெட்ராசுக்குப் போகும், லாரித் தண்ணீர் பிடித்துவைக்க.

இதை ஊரில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ட்ரம் என்று காதில் விழுந்தால் பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்களாம். அதனால் யார் கேட்டாலும் வயல் வேலை. ஐப்பசியில் வேம்புலியம்மாளின் இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்தபோது, தர்மாஸ்பத்திரி டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் துலுக்கானம் முந்திக்கொண்டு வயல் வேலை என்றான். டாக்டர் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். சேறே இல்லாத ஊரில் சேற்றுப்புண். பூசப் பூச எரிந்ததுதான் மிச்சம். இப்போது சோற்றைக்கூடக் கரண்டியால் அள்ளித் தின்கிறாள்.

அதனால்தான் அவள் இந்தக் கணக்குக்காகக் காத்திருந்தாள். கவர்மெண்ட் காகிதத்தில் தன் வேலை இன்னதென்று ஒரு தரம் ஏறிவிட்டால், அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டலாம். சரியான மருந்து கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

டீச்சரம்மாவின் பெயர் ஞானகுமாரி, கரையான்சாவடிக்காரி. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் வயல் வேலை என்றே எழுதவைத்தாள். கன்னியம்மாவின் தலைமயிர் மருந்து பட்டுச் செம்பட்டையாகிப் பாதி கொட்டிவிட்டது. மகளுக்கு வைகாசியில் கல்யாணம். "ஊரே வயல் வேலைன்னு சொல்லுது. வயல் எங்க இருக்கு?" என்று டீச்சர் கேட்டதற்குக் கஜபதி சிரித்துக்கொண்டு, "அப்டியே எழுதிக்கோங்க டீச்சர், வெய்ய ஏறுது" என்றான்.

அடுத்து வேம்புலியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் செம்பில் தண்ணீர் நீட்டினாள். டீச்சர் அதைப் பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள். கஜபதி உடைத்துக் கொடுத்த கலர் சோடாவை வாங்கிக்கொண்டாள்.

துலுக்கானம் கயிற்றுக்கட்டிலில் இருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "எனக்கு வயல் வேல. அது ஊட்ல சும்மா கீது."

சும்மாவாம். மூன்று வருஷமாக இவள் ட்ரம் கழுவிப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, வாய் கூசாமல் சும்மா என்கிறான். வேம்புலியம்மாளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. சோற்றில் புழுவைப் பார்த்தால் வருமே, அந்தக் குமட்டல்தான் வந்தது.

"சும்மா இல்ல. நான் ட்ரம்மு கழுவுறேன். அத்தையே எழுதுங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

டீச்சர் காகிதங்களைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "எந்த ட்ரம்?"

வேம்புலியம்மாள் வாசலில் தண்ணீர் பிடித்துவைத்திருந்த நீல ட்ரம்மைக் காட்டினாள். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்றாள் மெல்ல.

"அது வெளையாட்டுக்குச் சொல்து டீச்சர்" என்றான் கஜபதி. ஆனால் டீச்சர் எழுதிவிட்டாள். ட்ரம் கழுவும் கூலி என்று படித்தும் காட்டினாள். வேம்புலியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "அந்தக் காய்தத்த எங்கைல குடுப்பீங்களா? டாக்டர்கிட்ட காட்டணும்."

"இதை யாருக்கும் காட்டக்கூடாதும்மா. ரகசியம். மேல அனுப்பிடுவோம்."

கஜபதி குடையை மடக்கினான். சத்தம் போடவில்லை, முகம்கூட மாறவில்லை. "நாளைலேர்ந்து நீ வரத் தேவல" என்றான்.

"வாய வெச்சிகினு சும்மா இருக்கமாட்ட நீ" என்றான் துலுக்கானம். மறுநாள் ஏரிக்கரையில் அவள் வழக்கமாக உட்காரும் கல்லில் கன்னியம்மாவின் மகள் குந்திக்கொண்டு தேய்த்தாள்.

மாசி முடிவதற்குள் டீச்சர் இன்னொரு தரம் வந்தாள். எழுதினதைச் சரிபார்க்கிற சுற்றாம். இந்தத் தரம் குடையும் இல்லை, கஜபதியும் இல்லை.

"புதுசா யாராவது பிறந்தாங்களா? யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல. என் வேல பூட்ச்சி. அத்த மாத்தி எழுதுங்க."

"அதை இப்ப மாத்த முடியாதும்மா. பிறப்பு இறப்பு மட்டும்தான்."

ஆக, இத்தனை பொய்க்கு நடுவில் இருந்த ஒரே ஒரு நிஜமும் பொய்யாகிவிட்டது. வேம்புலியம்மாள் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். வேலை போயும் அந்தப் புளிப்பு போகவில்லை.

டீச்சர் போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன்னை ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு ட்ரம் இங்க கழுவுனதா இருக்குமோ என்னமோ. அதுல பிடிச்ச தண்ணியக் குடிக்கலாமா?"

இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேம்புலியம்மாள் வாசல் ட்ரம்மின் மூடியைத் தள்ளி, செம்பை முழுக்க முக்கி எடுத்தாள். முழங்கை வரை ஈரம் வழிய, வெந்துபோன அந்தக் கையாலேயே நீட்டினாள்.

"குட்ச்சிப் பாருங்க, டீச்சரம்மா."

டீச்சர் இரண்டு கையாலும் பையை இறுக்கிக்கொண்டு நின்றாள். செம்பின் விளிம்பில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. வேம்புலியம்மாள் கையை மடக்கவே இல்லை.