சாசேஜ் சுற்றிய வாக்குமூலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் எழுதினேன். அதில் ஒரு பெண்ணைத் தூக்கில் போட்டேன். மழை தூறியது, கூட்டம் தொப்பியைக் கழற்றியது, எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் யார், என்ன செய்தாள் என்றெல்லாம் யோசிக்க உட்கார்ந்தது அதற்கப்புறம்தான்.

வினை ஆரம்பித்தது ஒரு தேநீர்க் குடுவையில். இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் குன்றின் மேல் இருக்கிற இந்த ஊருக்கு நான் வந்து முப்பத்தோரு வருடமாகிறது. போன மார்ச்சில் சனிக்கிழமைச் சந்தையில் அந்தப் பழைய குடுவையை வாங்கினேன். (மூடி கிடையாது. என் மனைவி இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.) உள்ளே ஒரு அச்சுத் தாள் கசங்கிக் கிடந்தது. வருடம் 1849. நம் பக்கம் கொலைச் சிந்து என்று விற்பார்களே, அதே சரக்கு. மேலே தூக்கில் தொங்கும் பெண்ணின் படம், நடுவில் அவளுடைய கடைசி வாக்குமூலம், கீழே அழுதுகொண்டே பாட ஒரு பாட்டு. 'கணவனின் கஞ்சியில் ஆர்சனிக் கலந்த டார்கஸ் தோரல்ட், இன்று மதியம் தூக்கிலிடப்பட்டாள்.'

ஓரத்தில் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன், சாசேஜ் வாசனை அடித்தது என்று எழுதினால் நம்புவீர்களா? வேண்டாம். அடிக்கவில்லை.

2

'பனி மூடிய காலை. லண்டனின் இருண்ட சந்து ஒன்றில் காலடி ஓசை—'

அடித்துவிட்டேன். இது லண்டன் இல்லை. எங்கள் ஊர்ச் சந்துகள் செங்குத்தானவை, காலடி ஓசைக்கு முன்னால் மூச்சிரைப்புதான் கேட்கும்.

'டார்கஸ் கஞ்சியைக் கிண்டினாள். அவள் கை நடுங்கி—'

இதையும் அடித்தேன். கை நடுங்கியது என்றால் அவள் கொலைகாரி. நடுங்கவில்லை என்றால் கல்நெஞ்சக் கொலைகாரி. ஒரு கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு அவளை நிரபராதியாக்க வழி தெரியாமல் எனக்கு அரை நாள் போயிற்று. கடைசியில் அவளை விட்டுவிட்டு, அந்தத் தாளை எழுதியவனைப் பிடித்தேன்.

3

செப்டிமஸ் கேல் கொலைகாரர்களுக்காக வாக்குமூலம் எழுதுகிறவன். பதினோரு வருடத்தில் பத்தொன்பது பேருக்கு எழுதியிருந்தான், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. தொழில் அப்படி. தூக்குமேடையில் காலடிப் பலகை விழுந்த மறு நிமிடம் தாள் கூட்டத்தின் கைக்குப் போக வேண்டும், சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் வண்டியேற வேண்டும். எதிர்த்தெரு அச்சகத்தை முந்த வேண்டுமானால் தீர்ப்புக்கு முன்பே அச்சடித்தாக வேண்டும். படக்கட்டையும் ஒன்றுதான். எல்லாக் கொலைகாரிக்கும் ஒரே முகம்.

இந்த முறை மட்டும் ஒரு தப்புக் காரியம் செய்தான். விசாரணையைப் பார்க்கப் போய்விட்டான்.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்லக்கூடாது என்பது அன்றைய சட்டம். மருந்துக்கடைக்காரர் பேசினார், டாக்டர் பேசினார், மாமியார் அழுதுகொண்டே பேசினார். டார்கஸ் மட்டும் கூண்டில் சும்மா நின்றாள். நடுவில் இரண்டு தடவை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. செப்டிமஸ் மட்டும் பார்த்தான். அந்த ஊரில் அவள் பெயரில் இருந்த ஒரே பேச்சு, அவன் எழுதியது.

நேரே அச்சகத்துக்கு ஓடினான். அச்சக முதலாளி மிஸஸ் ப்ளம்ட்ரீ, விதவை, கை முழுக்க மை.

"அந்தத் தாளை நிறுத்தி வைங்கம்மா. அவ இன்னும் குற்றவாளின்னே ஆகலை."

"ஆயிடுவாய்யா. உன் எழுத்துல ஆயாச்சே. 'ஐயோ, என் கை செய்த பாவமே'ன்னு நீதானே எழுதின? நானே படிச்சுட்டு மூக்கைச் சிந்தினேன்."

"அவ ஏதோ சொல்ல வந்தா. கை தூக்கினா."

"உன்னை யாரு போய்ப் பாக்கச் சொன்னது? சமையல்காரன் கோழியோட பேசலாமா?" மிஸஸ் ப்ளம்ட்ரீ தாள்களை வெயிலில் விரித்துக்கொண்டே சொன்னாள். "அடிச்சது அடிச்சதுதான். மை கொட்டினதை மட்டும் கசாப்புக்கடை ஜேபெஸுக்குக் குடுத்துட்டேன், பொட்டலம் கட்ட."

4

[இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் செப்டிமஸை நான் நல்லவனாக்கிக்கொண்டே போகிறேன். ஒரு பெண் கை தூக்கியதும் பதினோரு வருடப் பழக்கம் உருகிவிடுமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அவன் கெட்டவனாக இருந்தால் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், எனக்கும் வேறு வேலை இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.]

5

இன்னொரு சட்டம். தீர்ப்புச் சொல்லும்வரை ஜூரிக்குச் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, கணப்பில் நெருப்பும் கிடையாது. பசியும் குளிரும் உண்மையைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும் என்று எந்தச் சாப்பாட்டு ராமனோ யோசித்திருக்கிறான். பன்னிரண்டு பேரையும் காலை பதினொரு மணிக்கு அறையில் போட்டுப் பூட்டினார்கள். மூன்று மணிக்கு, காவலுக்கு நின்றவனே மனமிரங்கி ஜேபெஸ் கடையில் சூடாகச் சாசேஜ் வாங்கி, கூடையில் வைத்துக் கயிறு கட்டி ஜன்னலுக்கு ஏற்றினான்.

முற்றத்தில் நின்றிருந்த செப்டிமஸின் மூக்குக்கு நேராகத்தான் கூடை மேலே போனது. பொட்டலத் தாளின் ஓரத்தில், அச்சடித்த இரண்டு கால்கள் தொங்கின. அவனுக்குத் தெரிந்த கால்கள். பத்தொன்பது பேரின் கால்கள்.

நீதிபதியிடம் ஓடிச் சொல்லலாம். ஜூரியைக் கலைத்துவிடுவார்கள், அடுத்த விசாரணை ஜூலையில், அதுவரை டார்கஸ் சிறையில். தீர்ப்புக்கு முன்பே அச்சடித்த குற்றத்துக்கு அவனும் மிஸஸ் ப்ளம்ட்ரீயும் பக்கத்து அறைகளில். சொல்லாவிட்டால் மேலே பன்னிரண்டு பட்டினிக்காரர்கள் எண்ணெய் விரலோடு அவள் 'வாக்குமூலத்தை'ப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

6

முடிவு, முதல் வரைவு: ஜூரியில் ஒருவர், "அட, அவளே ஒத்துக்கிட்டாளாமே. தூக்குலயும் போட்டாச்சாம். அப்புறம் நாம எதுக்கய்யா இங்க விறைச்சுக்கிட்டு?" குற்றவாளி.

முடிவு, இரண்டாம் வரைவு: ஜூரித் தலைவர் அமோஸ் டிக்பி, தோல் வியாபாரி, மகா ரோஷக்காரர். "நான் தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி எவன்டா அச்சடிச்சது?" அந்தக் கோபத்திலேயே நிரபராதி.

இரண்டையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். அவ கொன்னாளா இல்லையா?"

"தெரியாது."

"நீங்கதானே எழுதறீங்க?"

"செப்டிமஸும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தான்."

"குடுவைக்கு மூடியும் இல்லை, கதைக்கு முடிவும் இல்லை" என்று எழுந்து போய்விட்டாள். ஆனால் அவள் கேட்டது சரி. என் இரண்டு முடிவிலும் கஞ்சியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

7

செப்டிமஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினான்.

"ஐயா, அதை நம்பாதீங்க. அது நான் எழுதினது."

எண்ணெய் வாயோடு அமோஸ் டிக்பியின் தலை வெளியே வந்தது. "நீ யாருய்யா?"

"அதை எழுதினவன். போன திங்கக்கிழமை, என் வீட்டு அடுப்பங்கரையில உக்காந்து எழுதினேன்."

"அப்போ அந்தம்மா என்னதான் சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. அவளை யாரும் கேக்கலை."

டிக்பி மெல்லுவதை நிறுத்தினார். அதற்குள் காவல்காரன் செப்டிமஸின் காலரைப் பிடித்துவிட்டான். கூடை கொடுத்த குற்றவாளி, கத்திய குற்றவாளியை இழுத்துக்கொண்டு போனான்.

நாலரை மணிக்கு ஜூரி திரும்பி வந்தது. செப்டிமஸ் விலங்கோடு கதவோரத்தில் நின்று பார்த்தான். எழுத்தர் தீர்ப்பைக் கேட்டார். டிக்பி எழுந்தார், தொண்டையைச் செருமினார். கூண்டில் டார்கஸ் மூன்றாவது தடவையாகக் கையைத் தூக்கினாள்.

"பிரபுவே," என்றார் டிக்பி, "எங்க தீர்ப்பு வந்து… அதுக்கு முன்னால, அந்தம்மா கை தூக்கிட்டு நிக்குது. என்னன்னு கேட்டுட்டு—"

8

இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆவணக் காப்பகம் என் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை, இறக்கம்தான். அந்த வருடத்துத் தீர்ப்புப் பதிவேடு அங்கே இருக்கிறது என்றார்கள். நான் போகவில்லை. மழையும் தொப்பியுமாக எழுதி வைத்த அந்தக் கடைசிப் பத்தியைக் கசக்கி, குடுவைக்கு மூடியாக அடைத்துவிட்டேன்.

உங்களுக்கு அவசரமாக இருந்தால் நீங்கள் போய்ப் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒன்று. முதல் பத்தியிலேயே ஒரு பெண்ணைத் தூக்கில் போட்டேன் என்று சொன்னேன். அப்போது அவள் என்ன சொல்கிறாள் என்று நீங்களும் கேட்கவில்லை.