மூன்று பிரதிகளில் ஒரு நன்னாரி பாட்டில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். போன பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் இரண்டு நாள் பயணம் போனபோது என் பையில் ஒரு ஷாம்பு பாட்டில் இருந்தது. அதில் ஷாம்பு இல்லை. மயிலாப்பூர் வீட்டில் அன்று காலை இறக்கிய முதல் டிகாக்‌ஷன் இருந்தது. வெளியிலிருந்து எந்தப் பானமும் கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

அந்தக் குற்றவாளி, அதாவது நான், வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றார்கள். அவருக்கு அறுபத்து மூன்று வயது, அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து. அவர்கள் பையில் ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் இருந்தது. அந்தப் பாட்டில் கப்பலில் ஏறியதா இல்லையா என்பதுதான் கதை. வேறொன்றும் இல்லை. ஆனால் அதை நினைத்தால் இப்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது.

[பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் குடியிருக்கும் திருவல்லிக்கேணியை மாற்றவில்லை. அதை மாற்றினால் அந்த அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.]

2

தொடக்கம் ஒன்று: ‘வங்கக் கடலின் நீலம் அன்று—’

வேண்டாம். துறைமுகத்துத் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக இருந்தது. டீசல் வாடை வேறு.

தொடக்கம் இரண்டு: ‘ஷரீஃப் ஓர் எளிய மனிதர்.’

எழுதிய கையோடு அடித்தேன். வரிசையில் நின்ற நாற்பது நிமிடமும் அந்த எளிய மனிதர் எனக்கு வகுப்பு எடுத்தார். இந்தக் கப்பலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை வெங்காயம் போகும், முட்டையை எந்தப் பக்கமாக அடுக்கினால் உடையாது, ஐஸ்கிரீம் எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் மண்ணடியில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அரிசி, ஆட்டுக்கறி, குளிர்பானம் என்று சென்னைக்கு வந்த கப்பல்களின் வயிற்றை நிரப்பியவர்.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்வோம்:

அஃப்சருன்னிசா மூன்று நாளாகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவாள், பிரிப்பாள், மறுபடி கட்டுவாள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகிப் பதினோராம் நாள், ஷரீஃப் அவளை மெரினாவுக்குக் கூட்டிப்போயிருந்தார். வழியில் தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் வாங்கிப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்து குடித்தார்கள். கடலுக்குள் தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களில் விளக்கு ஏற்றும் நேரம். "அதோ கீது பாரு, அதுல உன்னை ஏத்தி, மேல உக்கார வச்சு, இதே சர்பத் குடிக்க வைக்கலேன்னா என் பேரு ஷரீஃப் இல்ல," என்றார். புது மாப்பிள்ளை பேச்சு. ஆனால் அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அவர் எத்தனையோ கப்பல்களில் ஏறினார். அவள் ஒன்றில்கூட ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து சொல்லுவார்: நம்ம தெரு அகலத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜு, ஆள் உயரத்துக்குச் சோறாக்குற ஒரு தேக்சா. "மேல எப்டி கீது?" என்று அவள் கேட்பாள். அவருக்குத் தெரியாது. சாமான் ஏற்றும் வாசல் கப்பலின் அடிப்பக்கத்தில் இருக்கும். அதற்குள் போவார், சரக்கை இறக்குவார், சரக்குப் பட்டியலான சலானில் கையெழுத்து வாங்குவார், திரும்பிவிடுவார். முப்பத்தோரு வருஷமும் அந்த ஒரு தளத்தைத் தாண்டி மேலே போனதே இல்லை.

இப்போது பெங்களூரில் இருக்கும் மகள் நாஸியா இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள்.

[மெரினாவில் குடித்ததும் ‘பேரு ஷரீஃப் இல்ல’ என்றதும் அந்த அம்மா வரிசையில் என்னிடம் சொன்னவை. தேக்சா நான் சேர்த்தது.]

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் புழங்கிய மனிதருக்கு ஒரு பாட்டிலை உள்ளே கொண்டுபோகத் தெரியாதா? வாசகர் நம்புவாரா? இந்தக் கதாபாத்திரத்தைக் கொஞ்சம் அப்பாவியாக்கலாமா என்று யோசித்து ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அவர் அதில் உட்காரவே மாட்டேன் என்கிறார். எழுந்து எழுந்து போகிறார்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

நாஸியா போனில் விதிமுறைகளை அனுப்பியிருந்தாள். அம்மா அதைப் படிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும், அதனால் கூப்பிட்டும் சொன்னாள். "அம்மி, ஜூஸு, தண்ணி, ஒண்ணும் எடுத்துக்கினு போகக் கூடாது. பாத்தா புடுங்கி வச்சுப்பாங்க. திரும்பி வர்றப்போதான் குடுப்பாங்க."

"திரும்பி வர்றப்போ எனக்கு எதுக்குடி? வீட்டாண்டயே விக்கிறான்."

அஃப்சருன்னிசா சீல் உடைக்காத நன்னாரி பாட்டிலை ஷரீஃபின் கைலி இரண்டில் சுற்றினாள். அதைத் துண்டில் சுற்றினாள். நடுவில் வைத்து, சுற்றிலும் துணி அடைத்தாள். ஒரு பொட்டலம் சப்ஜா விதை, நீளக் கரண்டி ஒன்று. எலுமிச்சம்பழத்தைக் கப்பலில் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய கப்பலில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்காதா? பையை மூடியபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பரீட்சையில் பிட் அடித்ததுகூட இல்லை அவள். இந்த வயதில் கடத்தல்காரியாகிவிட்டாள்.

அவள் கணக்கில் கொள்ளாதது ஒன்று. வண்டி புறப்படும் முன் சரக்கைச் சரிபார்க்காமல் ஷரீஃபால் வீட்டை விட்டு இறங்க முடியாது. வேலையிலிருந்து நின்று மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊட்டிக்குப் போனபோதும் அப்படித்தான், மருமகன் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். பயண நாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் பையைப் பிரித்தார். பார்த்தார். திரும்ப அதே மாதிரி சுற்றி வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து மீதமிருந்த பழைய சலான் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து, மூன்று பிரதிகளில் எழுதினார்.

4

இனி நான் கண்ணால் பார்த்தது.

பைகள் ஸ்கேனருக்குள் போயின. முதலில் அவர்களுடையது, பின்னால் என்னுடையது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஆளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் பை மறுபக்கம் வந்து விழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. என் பையும் விழுந்தது. யாரும் கூப்பிடவில்லை!

அஃப்சருன்னிசா என் கையைப் பிடித்து நசுக்கினாள். வலித்தது. எனக்கும் அவளைக் கட்டிப்பிடித்து ஆட வேண்டும் போலிருந்தது. இரண்டு கடத்தல்காரிகள், இரண்டு பாட்டில்கள், எதிரே கண்ணாடிக்கு அப்பால் பதினோரு மாடி உயரத்துக்கு வெள்ளையாக அந்தக் கப்பல்.

அப்போது ஷரீஃப் சட்டைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு மேஜைக்கு நேராக நடந்தார்.

மேஜையில் சரண்யா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் இருந்தாள். மூன்றில் மேல் பிரதியான வெள்ளைத்தாளை அவள் முன் வைத்தார்.

"சலான்மா. பதினோரு ஐட்டம். பாத்துக்கினு சைன் போடுங்க."

சரண்யா படித்தாள். கைலி இரண்டு, மாத்திரை டப்பா ஒன்று என்று உதடு அசைந்து வந்து, பதினோராவது வரியில் நின்றது. "சார், நன்னாரி சர்பத், ஒரு பாட்டில்னு போட்டிருக்கீங்க?"

"சீல் ஒடைக்கல."

"சார், இது அலவ் பண்ண முடியாது சார்."

"இன்னாங்க பண்றீங்க!" அஃப்சருன்னிசா ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. "தாண்டிட்டோமே! தாண்டிட்டு யாராவது திரும்பி வந்து சொல்லுவாங்களா? உங்களுக்குப் புத்தி கீதா?"

ஷரீஃப் அவளைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அஃப்சர், சலான்ல இல்லாத சரக்கு கப்பல்ல ஏறுனா அது திருட்டுச் சரக்கு. முப்பத்தோரு வருஷம் நான் ஒரு முட்டைகூட அப்படி ஏத்துனதில்ல. உனக்குக் குடுத்த வார்த்தையைப் போய்த் திருட்டுத்தனமாவா நிறைவேத்தச் சொல்ற?"

அவளுக்குக் கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. அழக் கூடாது என்று கூரையைப் பார்த்தாள். இந்த மனுஷனை முப்பத்து மூன்று வருஷமாக எதற்காகப் பிடித்திருக்கிறதோ, அதற்காகவே இப்போது அடிக்கலாம் போல இருந்தது.

"மேடம், பாட்டிலைத் தூக்கிப்போட மாட்டோம்," என்றாள் சரண்யா. "டேக் போட்டு வச்சிருந்து இறங்கும்போது குடுத்துடுவோம்."

"அப்ப அதுக்கு சைன் போடுங்க," என்றார் ஷரீஃப்.

"நான் கரையில வேலை பாக்குற ஸ்டாஃப் சார். கப்பலுக்காக நான் சைன் போட முடியாது."

"கரெக்டு," என்றார் அவர், உண்மையிலேயே மகிழ்ந்துபோய். இத்தனை வருஷத்தில் சரியான பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான் போல. "கப்பல்காரங்கதான் போடணும். ஸ்டோர் பாக்குறவரைக் கூப்பிடுங்க. பாட்டில் எங்கிட்டதான் இருக்கணும்னு இல்லமா. மேல்தளத்துல இந்தம்மா கையில போய்ச் சேரணும். அவ்ளோதான்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சரண்யா அந்தச் சலானை இன்னொரு முறை படித்தாள். ‘சேரவேண்டிய இடம்’ என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு, விதிமுறையில் எங்குமே இல்லாத ஒரு காரியம் செய்தாள். போனை எடுத்துக் கப்பலுக்குள் யாரையோ கூப்பிட்டாள்.

அந்த நொடியில் ஒரு பணியாள் என் பையைத் தூக்கிக்கொண்டு, "மேடம், மூணு மணி வரைக்கும்தான் லன்ச்," என்றான்.

நான் போய்விட்டேன்.

ஆமாம், போய்விட்டேன்! ஷாம்பு பாட்டிலோடு அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிற்க எனக்குப் பயம். சலான் எழுதிய மனிதர் எந்த நிமிடமும் என் பையைப் பார்த்து, "உங்க சரக்குக்குச் சலான் எங்க?" என்று கேட்டுவிடுவார் என்று தோன்றியது. அதனால் கதையின் முக்கியமான ஐந்து நிமிடத்தில் நான் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

[டிகாக்‌ஷனில் கடைசிவரை ரோஜாப்பூ ஷாம்பு வாசனை அடித்தது. ஏழு முறை கழுவிய பாட்டில். எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.]

5

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

முடிவு (அ): ஸ்டோர் அதிகாரி இறங்கி வருகிறார், ஷரீஃபின் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய சலான்கள் நினைவுக்கு வர, "பாய், நீங்களா!" என்று கட்டிக்—

அடித்துவிட்டேன். விசில் அடிக்க ஆள் வேண்டும் இதற்கு.

முடிவு (ஆ): பாட்டில் பறிபோகிறது. அஃப்சருன்னிசா இரண்டு நாளும் கணவனோடு பேசாமல் கேபினில்— எழுதவே முடியவில்லை. தாளைக் கிழித்தேன்.

முடிவு (இ): அங்கேயே, மேஜைக்குப் பக்கத்திலேயே, சீலை உடைத்துத் தண்ணீர் கலந்து இருவரும் குடிக்கிறார்கள், சரண்யாவுக்கும் ஒரு கிளாஸ். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அஃப்சருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை. "கரையில குடிக்க எனக்குத் தெரியாதா? முப்பத்து மூணு வருஷமா கரையிலதான குடிச்சுக்கினு கீறேன்?" என்கிறாள். அதையும் அடித்தேன்.

இப்போது உண்மையில் எனக்குத் தெரிந்த கடைசி விஷயம். மறுநாள் காலை, வெயில் ஏற ஆரம்பித்த நேரம். என் ரோஜாப்பூ காபியோடு மேல்தளத்துக்குப் போனேன். சுற்றிலும் கடலைத் தவிர ஒன்றும் இல்லை. கம்பியோரம் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஷரீஃப் எட்டிப் பார்த்து, கீழே அடிப்பக்கத்தைக் கையால் காட்டி, "அதாண்டதான், அந்த வாசல்தான்," என்று விளக்கிக்கொண்டிருந்தார். அஃப்சருன்னிசா கீழே பார்க்கவே இல்லை. தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, கொடிக்கம்பம், வானம், தன் முக்காட்டை இழுக்கும் காற்று எல்லாவற்றையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்ட ‘மேல எப்டி கீது’க்கு அவளே பதில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பக்கத்தில் மேஜையில் இரண்டு கண்ணாடி கிளாஸ்கள். உள்ளே பழுப்பாக ஏதோ. ஐஸ் மிதந்தது.

கப்பலில் கோலா இலவசம். ஐஸ் டீயும் இலவசம். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் அதே நிறம்தான். எட்டு அடி நடந்து போய் முகர்ந்திருந்தால் போதும். நான் போகவில்லை. போயிருந்தால் நான் என்ன குடிக்கிறேன் என்று அவர் கேட்டிருப்பார்.

எழுதுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் கேட்கலாம். ‘அது நன்னாரிதான்’ என்று ஒரு வரி எழுதினால் பாட்டில் ஏறிவிடும். நேற்று எழுதியும் விட்டேன். எழுதிய மாத்திரத்தில் ஷரீஃப் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சைன் யாரு போட்டாங்க?"

நான் போடுகிறேன் என்றேன். அவர் என் காபியைப் பார்த்தார். கடத்தல் சரக்கோடு ஏறியவள் கையெழுத்து செல்லாது என்பது எனக்கே புரிந்தது.

அதனால், இந்தக் கதையில் கை சுத்தமாக மிச்சம் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். வெள்ளைப் பிரதியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன்.

6

சரக்கு: நன்னாரி சர்பத், ஒரு பாட்டில். சீல் உடைக்கவில்லை.

அனுப்புபவர்: ஷரீஃப், திருவல்லிக்கேணி.

சேரவேண்டிய இடம்: மேல்தளம். என் மனைவி கையில்.

நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்: ........................

அஃப்சருன்னிசா கம்பியோரத்திலிருந்து திரும்பி உங்களைத்தான் பார்க்கிறாள்.

"சீக்கிரம் போடுங்க. ஐஸு கரைஞ்சுக்கினு கீது."