கட்டை போடுகிற ஆள்

எங்கள் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் வேலை செய்யாது. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு அதுதான் வேலை.

ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில், பெங்களூரில் ராணுவ ஏலத்தில் அப்பா எடுத்த வண்டி அது. எடுத்ததிலிருந்து நிலையான வாடகை அமையவில்லை. பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரியில் ஆட்களை மேலே ஏற்றிப்போக ஜீப் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போய்ப் பார்த்தார். எட்டுப் பேரை உட்காரவைத்து உச்சிவரை ஏறிக் காட்டினால் வருஷம் முழுக்க வண்டியை வைத்துக்கொள்வதாக மேனேஜர் நல்லுசாமி சொல்லியனுப்பினார். அதுவும் நடக்காவிட்டால் ஜீப்பை விற்றுவிடுவது என்று வீட்டில் பேச்சு.

ஷௌகத் அலி பாயின் கொட்டகையில் யோசனை நடந்தது. பாய் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஜீப்பை வரைந்தார். பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்க்கலாம், பழைய பட்டை அவரிடமே கிடக்கிறது. உட்காரப் பலகைக்கு, தொழிற்சாலைகளுக்கு மெஷின் வருகிற பெட்டிகளை உடைத்த மரம் மலிவாகக் கிடைக்கும். அதற்குமேல் கையில் இருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான் வரும். ஒன்று பெரிய டயர், இல்லை ஹேண்ட் பிரேக். குவாரிப் பாதையில் கற்கள் வண்டியின் அடிவயிற்றில் இடிப்பதை அப்பா பார்த்துவிட்டு வந்திருந்தார். டயர் பெரிதானால் வண்டி உயர்ந்துவிடும்.

“ஏறுற வண்டிக்கு நிக்கவும் தெரியணும் கோவிந்தப்பா. மொதல்ல பிரேக்கப் பாரு” என்றார் பாய்.

“அது எதுக்கு பாய்? அதான் எம் பொண்ணு இக்கறாளே. இவளுக்கு கேபிள் அறுந்து போவாது.”

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பாய் மட்டும் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன லாரியில் ஓடித் தேய்ந்து, மேலே புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் போட்ட டயர்கள் வந்தன. மாட்டியதும் ஜீப் பார்க்க மிடுக்காக ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஏறி உட்காரவே முக்காலி வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏறிக் காட்ட வேண்டும். எட்டுப் பேருக்குக் கூலி கொடுக்க முடியாததால், அம்மாவையும் சென்னம்மா பெரியம்மாவையும் தெருவில் கிடைத்தவர்களையும் அப்பா ஏற்றிக்கொண்டார். கூலிக்குப் பதில் கறிச்சோறு என்று பேச்சு. “மூட்டைய ஏத்துனா எறக்குறதுக்கு ஆள் வேணும், நாம தானே எறங்கிக்குவோம்னு கணக்குப் போட்டுட்டான்” என்று பெரியம்மா வழியெல்லாம் சிரிக்க வைத்தாள்.

குவாரிப் பாதையில் நுழைந்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஒருபக்கம் அறுத்த பாறை. மறுபக்கம் கல் எடுத்த பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வண்டி நன்றாகத்தான் ஏறியது. அடியில் எங்கேயும் இடிக்கவில்லை. அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உச்சியில் நல்லுசாமி குடையோடு நிற்பது தெரிந்தது.

கடைசி வளைவில் இன்ஜின் திணறி அணைந்தது.

அப்பா பிரேக்கை மிதித்தார். அத்தனை பேர் கனத்துக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கியது. “கட்டை” என்றார். நான் குதித்து வைத்தேன்.

எப்போதும் சக்கரம் கட்டையில் முட்டி நின்றுவிடும். அன்றைக்கு அது கட்டையின்மேல் ஏறியது. பழைய சக்கரத்துக்கு அளவாக வெட்டிய கட்டை அது. வண்டியில் எல்லாவற்றையும் மாற்றினோம், கட்டையை யாரும் நினைக்கவில்லை. சக்கரம் அதைத் தாண்டி இறங்கி இன்னும் வேகமாக வந்தது. பாறையோரம் உடைந்த கருங்கல் ஒன்று கிடந்தது. அதை எப்படிப் புரட்டினேன் என்று தெரியவில்லை. சக்கரம் அதில் மோதி நின்றது. பின்னால் மற்றச் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

“யாரும் எறங்காதீங்க, மேனேஜர் பாக்கறாரு” என்றார் அப்பா. இன்ஜினை மறுபடி கிளப்பினார். பிறகு என்னிடம், “நான் நகர நகர கல்ல பின்னாலயே தள்ளிக்கினு வா பாப்பா.”

இரண்டு கைகளிலும் தோல் உரிந்திருந்தது. கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

“எல்லாரும் எறங்குங்க” என்றேன்.

“சும்மா இரு.”

“அம்மா, எறங்கு. இந்தக் கல்ல இன்னொரு தடவ என்னால நகத்த முடியாது.”

அம்மா எட்டிப் பார்த்தாள். சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கட்டையைப் பார்த்தாள். முக்காலி இல்லாமலேயே இறங்கிவிட்டாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் பாறைப் பக்கமாக இறங்கினார்கள். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காலி ஜீப் ஒரே மூச்சில் உச்சிக்குப் போனது. நாங்கள் பின்னால் நடந்து போய்ச் சேர்ந்தோம். நல்லுசாமி குடையை மடக்கிக்கொண்டே, “எட்டுப் பேரு நடந்து வர்றதுக்கு வண்டி எதுக்கு கோவிந்தப்பா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகக் கட்டையை எடுத்து அடுப்பில் வைத்தாள். அன்றைய கறிச்சோறு அதில்தான் வெந்தது. நாளைக்கு ஏற்றத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார்.

“பாய் கொட்டக தொறந்துதான் இக்குது” என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, டயரைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணமாவது வரும் என்றார். விற்பதானாலும் பிரேக் இல்லாத வண்டியை எவன் வாங்குவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாவியை எடுத்தார். எழுந்த என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பாய் கொட்டகை வரைக்கும் வழியில் மேடு எதுவும் கிடையாது.