முத்திரையை மறைக்க ஒரு கறுப்புக் கண்ணாடி

இலவசங்கள் நாட்டைக் கெடுக்கின்றன என்று வாரம் ஒரு கடிதம் பத்திரிகைக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத் தலைவர் ராமசுப்பிரமணியன். எழுதி முடித்ததும், போன ஆட்சி கொடுத்த இலவச டிவியில் செய்தி பார்த்தபடி, இந்த ஆட்சி கொடுத்த இலவச மிக்ஸியில் அரைத்த சட்னியைச் சாப்பிடுவார்.

அந்த டிவிதான் இப்போது சிக்கல். ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தார். அதற்குள் பொருந்திய ஒரே திரை அதுதான். கீழ் விளிம்பில் அரசு முத்திரை. சுரண்டிப் பார்த்தார், பள்ளம் விழுந்து, முத்திரை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஞாயிறு மாலை ஐந்துக்குத் திறப்பு விழா. சங்கத்தார் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். முத்திரை அவர்கள் கண்ணில் பட்டால் அத்தனை கடிதங்களும் போச்சு. திரைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு மறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

தஞ்சாவூரில் அவர் தேடிப்போன கண்ணாடிக் கடை செவ்வந்தியுடையது. அவள் அப்பா காத்தான், கீழ்வேளூர்ப் பக்கம் இவர் குடும்பத்து மிராசு நிலத்தில் குத்தகை உரிமை கேட்டுப் பதினெட்டு வருஷம் வழக்காடி ஜெயித்தவர். இருவருக்கும் இது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

செவ்வந்தி மூன்று துண்டுகளை மேசையில் வைத்தாள். "இது லேசான சாம்பல், படம் பளிச்சுன்னு தெரியும். இது நடுத்தரம். இது நல்ல கறுப்பு."

"கறுப்பு."

"படம் மங்கிடுங்க."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா?"

"இல்லீங்க. நாளைக்கு வந்து அளந்துக்கிறேன்."

"வீட்டுக்கெல்லாம் வராதே. அளவு இந்தா இருக்கு."

"டஃபன்டு கண்ணாடிங்க. சூளையில இறுக்கிட்டா அப்புறம் ஒரு நூல்கூட வெட்ட முடியாது."

"எங்க வீட்டாருக்கு அளக்கத் தெரியாதுங்கறியா?"

"நல்லாத் தெரியும். எங்கப்பா நிறையச் சொல்லியிருக்காரு."

அந்தக் குடும்பத்தின் அளவுமுறை வட்டாரம் அறிந்தது. நெல் வாங்கப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சின்ன மரக்கால். வரப்பு வெட்டினால் அரை அடி தம் பக்கம் சேரும். கண்ணாடி தமக்கு வரும் பொருள் அல்லவா? நாலு பக்கமும் அரை அங்குலம் கூட்டியே எழுதியிருந்தார். எப்படியும் அவள் குறைத்துத்தான் வெட்டுவாள் என்ற நம்பிக்கை வேறு.

அவள் ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை. ஞாயிறு மதியம் வந்த கண்ணாடி சட்டத்துக்குள் நுழையவில்லை. ராமசுப்பிரமணியன் அரத்தை எடுத்து விளிம்பைத் தேய்த்தார். ஒரே வெடி. கூடம் முழுக்கக் கல்கண்டு இறைந்த மாதிரி கண்ணாடி.

போன் போட்டார். "சாதாரணக் கண்ணாடியாவது கொண்டுவந்து இங்கேயே வெட்டிக் குடு. கொல்லைப் பக்கமா வா."

"வாசல் வழியாத்தான் வருவேன். வேண்டாம்னா சொல்லிடுங்க."

மணி மூன்று. "வா" என்றார்.

வாசல் வழியாக வந்தாள். டேப்பைப் பிடித்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இதே செட்டுதான் எங்கப்பா வீட்லயும் ஓடுது. வரிசையில நின்னா வாங்குனீங்க?"

"ஆள் அனுப்பினேன்."

"அதானே. எங்கப்பா அதுக்குத் தினம் பூ வைக்கிறாரு. நீங்க சுரண்டியிருக்கீங்க."

"வந்த வேலையைப் பாரு."

"சாம்பலும் கொண்டாந்திருக்கேன். அதைப் போட்டா ஆட்டம் தெரியும், முத்திரையும் தெரியும். கறுப்பைப் போட்டா ரெண்டும் தெரியாது. எது?"

"கறுப்பு."

அளந்து, வெட்டி, கச்சிதமாகப் பொருத்திவிட்டு, வந்த வாசல் வழியாகவே போனாள்.

ஐந்து மணிக்குச் சங்கத்தார் பெட்டி முன் கூடினார்கள். ராமசுப்பிரமணியன் ஆட ஆரம்பித்தார். உள்ளே 'பீப் பீப்' என்று சத்தம். கண்ணாடியில் அவர்களுடைய பன்னிரண்டு வழுக்கைகள்.

"படம் எங்கே சார்?"

"உற்றுப் பாருங்கோ. கண்ணைக் கூசாத டைப்."

பன்னிரண்டு பேரும் உற்றுப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாவது நிமிடமே உள்ளே அவர் ஆட்டம் முடிந்துபோயிருந்தது. அது தெரியாமல், கைதட்டலுக்கு நடுவே, பித்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.