மூடிய ஏரி

நெட்டையனின் அப்பா காலத்தில் அந்த ஏரியின் படகுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் படகு கட்டினான். மகன்கள் பெருகினார்கள், படகுகள் பெருகின. ஏரி மட்டும் இருந்த அளவிலேயே இருந்தது. இப்போது படகைத் திருப்புவதற்குக்கூடப் பக்கத்துப் படகுக்காரனுக்குக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

மீன் சிறுத்துக்கொண்டே வந்தது. முழங்கை நீளம் கிடைத்தது போய், உள்ளங்கைக்குள் அடங்கியது. கண்ணி சிறிய வலைகளாக வாங்கிப் பார்த்தார்கள். அவையும் பாதி காலியாக ஏறியபோதுதான் படகுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் நெட்டையனின் அண்ணன்.

"சினை மீன் முட்டையிடுற நேரம் இது. ரெண்டு மாசம் எவனும் வலை போடக் கூடாது. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருந்துட்டோம்னா பிள்ளைகுட்டிங்க பிழைச்சுக்கும்" என்றார் அண்ணன்.

எல்லோரும் கை தூக்கினார்கள். நெட்டையன் இரண்டு கையையும் தூக்கினான்.

முதல் மாதம் எப்படியோ ஓடியது. அடுத்த மாதம், பானையின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் எல்லா வீட்டுச் சுவர்களையும் தாண்டிக் கேட்டது. நெட்டையனுக்கு நான்கு பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை மனைவியின் வயிற்றில். ஒருநாள் கடைக்குட்டி அழாமல் சுருண்டு கிடந்தாள். அழுகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். அழாத பிள்ளையின் மூக்கருகே அவன் விரல் வைத்துப் பார்த்தான்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "நாம நாலு மீன் எடுத்தா ஏரி வத்திடுமா?"

"அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அவர் முகத்தையா பிள்ளைங்க திங்கும்?"

மறுநாள் விடிகாலையில் ஏரியைப் பனி மூடியிருந்தது. துடுப்பில் கந்தல் துணியைச் சுற்றி, சத்தமில்லாமல் படகைத் தள்ளினான். கரை மறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் படகின் மூக்கு எதிலோ இடித்தது.

"யாரது?" என்றான் நெட்டையன்.

"நீ யாரு?" குரல் பக்கத்து வீட்டுக்காரனுடையது.

"நான்தான். காத்து வாங்க வந்தேன்."

"காத்து வாங்க வலை எதுக்குடா?"

"உன் வலை எதுக்கோ அதுக்குத்தான்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் இடப்பக்கம் ஒரு படகு இடித்தது. வலப்பக்கம் இன்னொன்று. பின்னால் யாரோ இருமினார்கள். பனி கலையக் கலைய, ஏரி முழுக்கப் படகுகள் தெரிந்தன. எல்லாத் துடுப்புகளிலும் துணி சுற்றியிருந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் அண்ணனின் படகு. அவர் வலை ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது.

"அண்ணே, நீங்களுமா?"

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏன், என் வீட்டுல இருக்கிறவங்களுக்கு வயிறு இல்லையா? நீ திரும்பிப் போனா மீன் பிழைச்சிடுமா? உன் பங்கை இன்னொருத்தன் அள்ளிடுவான். போடுடா வலையை."

நெட்டையன் வலையை உதறிப் பிரித்தான். போட்டான்.

அன்று வலையை இழுக்க முடியாத அளவுக்கு மீன்பாடு. எல்லாம் சினை மீன். படகின் பலகையெங்கும் முட்டைகள் நசுங்கி வழுக்கின. வீட்டில் மனைவி முதல் மீனைக் கீறியதும் சினை மஞ்சளாகச் சரிந்து கை நிறைந்தது. அவள் கையிலிருந்த கத்தி சற்று நின்றது. பிறகு, "பிள்ளைங்களா, வாங்க" என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு துடுப்பில் துணி சுற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. தினமும் போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஏரி நிரம்பியது. பிள்ளை பிறந்து குப்புற விழுந்தது. ஒரு காலை, மொத்தப் படகுகளும் இறங்கி வலை வீசின. ஏறி வந்தது பாசியும் சேறும். மறுபடி வீசினார்கள். அண்ணனின் வலையில் நகக்கண் அளவு மீன் ஒன்று துடித்தது. சுற்றியிருந்த படகுகளில் இருந்த அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். அண்ணன் அதை அவசரமாக மடியில் கட்டிக்கொண்டார்.

வெயில் ஏறியதும் படகுகள் திரும்பின. கரையில் பிள்ளைகள் நின்றார்கள். கையில் பாத்திரங்களோடு, ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இத்தனை பேரா என்று நெட்டையன் அன்றுதான் பார்த்தான். அவனுடையவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

அவன் துடுப்பை நிறுத்தினான். பக்கத்துப் படகும் நின்றது. முதலில் கரையேற யாருக்கும் துணிவில்லை.